‘சரி’க்கு இங்கிலீஷில் என்ன?

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று ஓயவில்லை. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் பத்து மணிக்கே மணல். மாடித் துணியை இரண்டு முறை எடுத்து உதறிப் போட்டேன். பிரஷர் மாத்திரை இன்னும் நான்குதான். கியாஸ் பதிய வேண்டும்.

பதினொரு மணிக்கு ஜெனிட்டா வந்தாள். பத்தாம் வகுப்பு ‘பி’, மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். இப்போது நாற்பது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. கடற்கரையில் கிடங்கு கட்டப்போகிற கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை. கையில் ஒரு டப்பா மக்ரூன்.

நான் ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள்.

விஷயம் இது. கம்பெனி நம் கரை ஜனங்களோடு கலந்து பேசியிருக்கிறதாம். அதற்கு இங்கிலீஷில் ஓர் அறிக்கை. அடுத்த திங்கள் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நான் இங்கிலீஷை மட்டும் பார்த்துத் தர வேண்டும்.

“ஒரு தடவை உங்ககிட்ட ரன் பண்ணிரலாம்னுதான் டீச்சர். நீங்க பாத்தாத்தான் எனக்குத் திருப்தி.”

‘ரன் இட் பை யூ.’ என் காலத்துப் பாடப்புத்தகத்தில் கிடையாது. போகிற போக்கில் உங்களிடமும் காட்டிக்கொள்கிறேன் என்று பொருள். ஓடுகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பது போல. நிறுத்தச் சொல்ல முடியாது.

முக்கால் மணி நேரம் பேசினாள். சுற்றுச்சுவர், விளக்கு, நட்டு வைக்கப்போகும் மரக்கன்று. நான் சரி, சரிம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். போனைப் பார்க்காமல் பேசுகிறாளே, நல்ல பழக்கம் என்று நினைத்தேன்.

போன பிறகுதான் யோசனை. அவ்வளவு பெரிய கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஆளா இல்லை?

மக்ரூனைத் திறக்கவில்லை. குசினி அலமாரியில் வைத்தாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

காற்று அப்படியே. மாத்திரை வாங்கினேன். கியாஸ் மறந்துவிட்டது.

அறிக்கை பதினொரு பக்கம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பிழையே இல்லை. அதுதான் முதல் சந்தேகம். ஜெ. எழுதினால் ‘டிஸ்கஸ் அபௌட்’ வராமல் இருக்காது. தமிழில் அதைப் பற்றிப் பேசினோம் என்கிறோம். அந்தப் ‘பற்றி’ இங்கிலீஷிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். முப்பத்தொரு வருஷம் அந்த அபௌட்டை அடித்து அடித்தே எத்தனை பேனா தீர்ந்தது. இதில் ஓர் அபௌட் இல்லை. வேறு யாரோ எழுதியது. திருத்த ஒன்றுமில்லாத தாளை என்னிடம் எதற்குக் கொண்டுவர வேண்டும்?

வாசிக்கும்போதே ஓரத்தில் பட்டியல். பழக்கம் விடவில்லை.

இன்ஃபார்ம் – அறிவிப்பது. சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும் இதுதான். ஒரு வாய் போதும்.
டிஸ்கஸ் – இரண்டு பக்கமும் வாய் திறப்பது.
கன்சல்ட் – முடிவெடுக்கும் முன் கேட்பது. டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார், பிறகுதான் மருந்து எழுதுகிறார். மருந்தை எழுதிவிட்டு நாக்கைப் பார்த்தால் அது கன்சல்ட் இல்லை.
டாக் ஓவர் – பேசிப் பார்ப்பது.
டாக் இன்டூ – பேசியே சம்மதிக்க வைப்பது. வால் ஒன்று மாறினால் ஆளே மாறிவிடும்.

அறிக்கையில் கன்சல்ட் மட்டும் பத்தொன்பது இடம். எல்லாம் செயப்பாட்டு வினை. மீனவர்கள் கலந்தாலோசிக்கப்பட்டார்கள். யார் கேட்டது, என்ன கேட்டது, இல்லை. செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்லாமல் விடலாம் என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்றைக்குச் சொன்ன எடுத்துக்காட்டு, ‘ஜன்னல் உடைக்கப்பட்டது.’ வகுப்பே சிரித்தது. உடைத்தவள் முதல் பெஞ்சில் இருந்தாள்.

ஆறாம் பக்கத்தில் வரைபடம். ஜெ. சொன்ன சுற்றுச்சுவர் எங்கே வருகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன். சிலுவை நிற்கிற குருசடிக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவே கடலுக்கு இறங்குகிற பாதை. அதன் குறுக்கே. அந்தப் பாதையில்தான் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மீன் கூடை ஏறி வருகிறது. இருபத்தேழு வள்ளம். அடைத்துவிட்டால் உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எஞ்சினோடு முக்கால் மணி நேரம்.

இதை ஜெ. வாயால் சொல்லவே இல்லை. மரக்கன்றைத்தான் சொன்னாள்.

ஒன்பதாம் பக்கம்: ‘அக்ரீட் இன் ப்ரின்சிபிள்.’ கொள்கை அளவில் சம்மதித்தார்கள். அடுத்த பக்கம் கையெழுத்துகள். மூன்றாவது, அந்தோணி. என் தம்பி. அந்த ‘அ’வின் சுழி எனக்குத் தெரியும். கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்.

அவன் வள்ளமும் அந்த இருபத்தேழில் ஒன்று. இவன் எதற்குச் சம்மதித்தான்?

ஜூலை 9, புதன்

தம்பி இரண்டு மணிக்கு வந்தான். கையில் விளைமீன். தோளில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட். புதிது.

நேராகக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். ‘சவுண்ட் அவுட்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் விட்டு ஆழம் பார்ப்பது போல, ஆளுக்குத் தெரியாமல் மனசைப் பார்ப்பது. வகுப்பில் இதைச் சொன்னால் கடற்கரைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

“ஜாக்கெட்டு புதுசா?”

“மருமவன் கொண்டாந்தான்.”

“மருமவன் துபாய்ல இருந்து வந்தது பொங்கலுக்குல்லா?”

“அப்பக் கொண்டாந்ததுதான். கச்சான் அடிக்கேன்னு இப்ப எடுத்துப் போட்டேன். அதுக்கு என்ன?”

“கம்பெனியில குடுத்தாவளோன்னு கேட்டேன்.”

மீன் பையைக் கீழே வைத்தான். “எக்கா, குண்டு போட்டு ஆழம் பாக்காத. நான் கடல்ல கெடக்கவன். நேராக் கேளு.”

“கையெழுத்துப் போட்டிருக்கியே லே.”

“வந்ததுக்குப் போட்டோம். பந்தல் போட்டு வடையும் டீயும் குடுத்தாவ. நோட்ட நீட்டுனாவ. வந்தவன் போடத்தான செய்வான்?”

“செவரு கட்டப்போறோம்னு அந்தப் பிள்ள சொன்னப்ப நீங்க என்ன சொன்னிய?”

“என்னத்தச் சொல்ல? சரின்னோம்.”

“சரின்னா?”

“சரின்னா சரி சொல்லுங்கன்னு. ஒரு பொம்பளப்பிள்ள வெயில்ல நின்னு பேசுது. நாங்க கல்லு மாதிரி இருக்க முடியுமா? காது கேக்குன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? கடைசியில லாசர் அண்ணன் ‘பாப்போம்’னாரு. அதோட எந்திரிச்சு வந்துட்டோம்.”

பார்ப்போம். இந்தக் கரையில் பெண் கேட்டு வந்தவர்களிடம் பார்ப்போம் என்று சொன்னால் அவர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். அறிக்கையைப் புரட்டினேன். ‘மூத்த மீனவர் ஒருவர் பரிசீலிக்க விருப்பம் தெரிவித்தார்.’

சோறு போட்டு வைத்தேன். உட்காரவில்லை.

“ஊர்க்காரன் எவனும் கேக்கல. என்மேல மொத சந்தேகம் ஒனக்குத்தான் வந்திருக்கு.”

மீனை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டான். பொரித்தேன். இறங்கவில்லை. ஜாக்கெட்டின் உள்பக்கம் அரபு எழுத்தில் சீட்டு தைத்திருந்தது. அவன் திரும்பிப் போகும்போதுதான் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் வந்தது, ஐந்தரைக்கு. இரண்டு டிரம் நிரப்பினேன். கியாஸ் பதிந்தாயிற்று.

பக்கத்து வீட்டு சகாயம் காலையில் மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாதுதான். எண்ணினேன். பதினேழு சரி. “சரிங்க. சரி சரி. அப்படியா, சரி.” வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “போன் கம்பெனிக்காரி டீச்சர். புது பிளான் எடுக்கணுமாம். சவம், யாருக்கு வேணும்?”

பதினேழு சரி, சம்மதம் ஒன்றுகூட இல்லை.

உட்கார்ந்து எழுதினேன்:

மேலே தூக்கிச் சொன்னால் – அப்புறம்?
இழுத்துச் சொன்னால் – நம்பவில்லை.
இரட்டையாகச் சொன்னால் – சீக்கிரம் முடி.
எழுந்துகொண்டே சொன்னால் – நான் வருகிறேன்.
சொல்லிவிட்டு, எப்போது, எப்படி என்று திருப்பிக் கேட்டால் – அதுதான் சம்மதம்.

இங்கிலீஷில் இந்த ஐந்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வழி உண்டு. அறிக்கை எழுதியவருக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. அல்லது ஒன்றுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஜெ.க்குத் தமிழ் தெரியாதா? இந்த ஊர்ப் பிள்ளைதானே?

தம்பி வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மதியம் ஆட்டோக்காரர் ஓர் உறை கொடுத்துவிட்டுப் போனார். அறிக்கையின் இரண்டாம் படி. மேலே ஒட்டுத்தாளில், ‘டீச்சர், சின்ன மாற்றங்கள். ஒரு பார்வை போதும். ஜெ.’

ஒரு பார்வை போதும் என்று எழுதியதாலேயே வரிவரியாகப் பார்த்தேன்.

பத்தாம் பக்கம் புதிது. ‘கலந்தாலோசனை எண் நான்கு. இடம்: இல்லம். பங்கேற்றவர்: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, மூத்த குடிமகள். கால அளவு: நாற்பத்தைந்து நிமிடம். திட்டம் விரிவாக விளக்கப்பட்டது. பங்கேற்றவர் முழு ஆதரவு தெரிவித்தார்.’ கீழே என் பெயர், இன்ஷியலோடு. அதில் பிழை இல்லை.

இரண்டு தடவை வாசித்தேன். பிரஷர் பார்க்கவில்லை, பார்த்து என்ன.

போன் போட்டேன்.

“நான் எப்போம்மா ஆதரவு தெரிவிச்சேன்?”

“நான் சொல்லச் சொல்ல சரி சரின்னீங்களே டீச்சர்.”

“கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“ஆமா. ஆனா சரின்னுதான சொன்னீங்க? ரெக்கார்டு இருக்கு டீச்சர். எல்லா கன்சல்டேஷனும் ரெக்கார்டு பண்ணணும்னு ரூல்.”

கவிழ்த்து வைத்த போன்.

“அது கன்சல்டேஷன்னு நீ சொல்லவே இல்லையே. இங்கிலீஷைப் பாருங்கன்னுதான் சொன்ன.”

அடித்தொண்டையில், “படிச்சவங்க ஒருத்தர் பேராவது லிஸ்ட்ல வேணும்னாங்க டீச்சர்” என்றாள்.

இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். பாதையை அடைக்கிற தாளில் என் பெயரும் ஒரு கல்.

மக்ரூன் டப்பாவைக் கோயில் வாசலில் உட்காருகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

நான்கு மணிக்கு மேல் கரைக்குப் போனேன். வலைக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர். லாசர் அண்ணாச்சி வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், எழுபது தாண்டியவர், இன்னும் கடலுக்குப் போகிறார். சகாயமும் இன்னும் சில பெண்களும் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஒரு மூலையில். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

“உங்க பேர்ல ஒரு அறிக்கை எழுதியிருக்காவ. தமிழ்ல சொல்லுதேன், கேளுங்க.”

வரிவரியாகச் சொன்னேன். பாதை அடைபடுவதை முதலில். அது பந்தலில் யாருக்கும் சொல்லப்படவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது.

“உங்க கருத்தையெல்லாம் ‘ஆன் போர்டு’ எடுத்துக்கிட்டாங்களாம், கப்பல்ல ஏத்திக்கிட்ட மாதிரி.”

“எந்தப் போர்டுல ஏத்துனாவ? எங்க வள்ளத்துல ஏத்தலையே!” தம்பிதான். என்னைப் பார்க்காமலே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

லாசர் அண்ணாச்சி சிரிக்கவில்லை. “நான் பாப்போம்னுல்லா சொன்னேன்?”

“பரிசீலிக்க விருப்பம்னு எழுதியிருக்கு அண்ணாச்சி.”

“ஏ அப்பா. எனக்கு விருப்பம்னு எவம் சொன்னான்?”

ஒன்பதாம் பக்கம் முடிந்தது. பத்தாம் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. விரல் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தது, உண்மை. பிறகு பிரித்தேன். என் பெயரையும் வாசித்தேன். முழு ஆதரவு என்பதையும்.

சகாயம்தான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப நீங்களும் சரின்னியளா டீச்சர்?”

“கேட்டுக்கிட்டிருந்தேன், சகாயம்.”

“எங்களுக்கு வடை. ஒங்களுக்கு டப்பா. நான் பாத்தேன், அந்தப் பிள்ள மக்ரூன் கொண்டாந்தத.”

பின்னால் யாரோ, “படிச்சவிய சரின்னா வெயிட்டுல்லா” என்றார்கள். புதன்கிழமை தம்பியிடம் ஜாக்கெட் புதுசா என்று நான் கேட்ட அதே குரல். காது சுட்டது. தாள்களைத் தட்டி அடுக்கினேன்.

தம்பி எழுந்தான். “எக்கா சரின்னதும் நாம சரின்னதும் ஒண்ணுதான். நம்மள ஏமாத்துன மாதிரித்தான் அவளையும். அந்தத் தாள எடுத்துட்டு வந்து வாசிக்கணும்னு அவளுக்கு என்ன கட்டாயம்?” அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

சகாயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்க நம்பவில்லை. நம்பச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

அங்கிருந்தே ஜெ.யைக் கூப்பிட்டேன், எல்லோரும் கேட்க. நாளை இரண்டாம் பூசை முடிந்ததும் வா, நாளைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், நேரில் கேள் என்றேன்.

“அறிக்கையோட சேர்க்கிற ஃபாரம் முடிஞ்சிருச்சு டீச்சர். அதுல மூணு கட்டம்தான் இருக்கு. சம்மதம், நிபந்தனையோட சம்மதம், கருத்து இல்லை. நாலாவது கட்டம் கிடையாது.”

“அப்ப வேண்டாம்னு சொல்றவங்களை எதுல போடுவ?”

“கருத்து இல்லைல போடச் சொல்லியிருக்காங்க.”

கொட்டகையில் யாரோ காறித் துப்பினார்கள். ஜெ.க்கு அது கேட்டிருக்க வேண்டும்.

“என் வேலை போயிரும் டீச்சர். என்ன செய்யச் சொல்லுதிய?” ஆபீஸ் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

“வந்து கேளு. அவ்வளவுதான்.”

வருவாளா? வரமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. வந்தாலும் எதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவாளோ.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் சகாயம் வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

பத்தே காலுக்கு ஜெ. வந்தாள். தனியாக. அடையாள அட்டை இல்லை. கழற்றி வைத்துவிட்டு வந்தாளா, மறந்தாளா, கேட்கவில்லை. போனைக் கையில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

“ரெக்கார்டு பண்ணுதேன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். முதல் தடவையாக.

கொட்டகை நிறைந்திருந்தது. வெளியிலும் ஆள். மரக்கன்றிலிருந்து ஆரம்பித்தாள். வாயைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். “பசுமை வளையம் ஒண்ணு அமைக்கிறோம்...” என்று நிறுத்தினாள். சரி என்று யாராவது சொல்வார்கள் என்று நிறுத்துகிற இடம் அது. ஒருவரும் சொல்லவில்லை. ஐம்பது அறுபது பேர், ஒரு ‘ம்’ இல்லை. யாரும் பேசிவைக்கவில்லை. தம்பி அன்று சொன்ன கல் இதுதான். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இந்தக் கரையில் பேசுகிறவரை யாரும் அப்படி விட்டதில்லை.

ஜெ. கன்னம் சிவந்துவிட்டது. காகிதத்தை மடித்தாள்.

“இந்தப் பாதைய அடச்சிச் செவரு கட்டப்போறாவ. கட்டலாமா, வேண்டாமா?”

லாசர் அண்ணாச்சி: “வேண்டாம்.”

சகாயம்: “வேண்டாம்.”

தம்பி: “வேண்டாம்.”

வரிசையாக. ஒவ்வொருவரும் தனித்தனியாக, பெயரைச் சொல்லி. என் முறை வந்தபோது நானும் பெயரைச் சொன்னேன், இன்ஷியலோடு. வேண்டாம் என்றேன். சகாயம் திரும்பிப் பார்த்தாள்.

கவிழ்த்துப் போட்ட கூடைமேல் ஜெ. அறிக்கையோடு சேர்த்த ஃபாரத்தை விரித்தாள். பேனா எடுத்தாள். மூன்று கட்டத்துக்கும் கீழே வெறும் இடம் இருந்தது, இரண்டு விரல் அகலம்.

“என்ன போடட்டும் டீச்சர்? அப்ஜெக்டட்? டிக்ளைன்ட்? ‘எக்ஸ்பிரஸ்ட் கன்சர்ன்ஸ்’னு போட்டா ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க.”

“கவலை தெரிவிச்சாங்களா இவங்க?”

ஜெ. குனிந்து எழுதினாள். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம். ‘அவர்களிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்கள்.’ செய்வினை. எழுவாய் இருக்கிறது. எத்தனை பேர் என்று எழுதச் சொன்னேன், எழுதினாள். தேதி போடச் சொன்னேன், போட்டாள். கீழே தன் கையெழுத்து. அதை நான் சொல்லவில்லை.

திருத்த ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. ஒரு பக்கத்தை உருவிவிட்டு இன்னொன்றைச் செருக எவ்வளவு நேரம் ஆகும்?

அவள் பையில் வைக்கும் முன் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றேன். “என்மேல சந்தேகமா டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன்.

பக்கத்துக் கடை ஞாயிறு அடைப்பு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒன்று திறந்திருக்கும் என்றான் தம்பி. ஆட்டோவில் ஜெ. ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் நான். தாள் என் மடியில். காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.